க்யூசி கட்டிய பச்சை அட்டை

செத்துப்போனவருக்குத் துக்கம் விசாரிக்கப் போய், செத்துப்போனவரிடமே விசாரித்துவிட்டு வந்த ஒரே பிறவி இந்த உலகத்தில் எங்கள் க்யூசியாகத்தான் இருப்பாள். இல்லை, எங்கள் தெருவிலும் அப்படி ஒருத்தர் உண்டு என்று யாராவது சொல்வதானால் தாராளமாக எழுதுங்கள். விலாசத்தையும் சேர்த்து எழுதுங்கள். அவள் நேரில் வந்து பார்க்காமல் நம்ப மாட்டாள்.

நடந்து வருஷக்கணக்காகிறது. எனக்குக் கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, தலையில் நாலு நரையும் வந்தாயிற்று. அவள் செய்த காரியங்களை நினைத்தால் இன்னும் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு பத்தாம் வகுப்புப் பெண், இங்கிலீஷ் கட்டுரை திருத்துகிறேன் பேர்வழி என்று ஒரு ஊரையே கதிகலங்க வைக்க முடியுமா? முடியும். செகந்திராபாத்தே சாட்சி.

க்யூசி என்றால் க்வாலிட்டி கன்ட்ரோல். அவளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று முழ நீளத்துக்கு உண்டு. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் வெளியே வரும். அவள் அப்பாவுக்குப் பாலாநகரில் விமானத்துக்கான எலக்ட்ரானிக்ஸ் சாமான்கள் செய்யும் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்ஷன் வேலை. சாமான் சரியாக இருந்தால் பச்சை அட்டை, திருத்த வேண்டியிருந்தால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு. அட்டையின் கீழே இன்ஸ்பெக்டர் கையெழுத்து. "நான் போடற கையெழுத்தை நம்பி ஒருத்தன் ஆகாசத்துல பறக்கறான்" என்று சாப்பாட்டு மேஜையில் தினமும் சொல்வாராம். இதைக் கேட்டுக்கொண்டே சோறு தின்று வளர்ந்த பெண் வேறு எப்படி இருப்பாள்? ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மொத்த மார்க்கைத் தானே ஒரு தடவை கூட்டிப் பார்த்து, இரண்டு மார்க் அதிகம் போட்டிருக்கிறீர்கள் என்று டீச்சருக்குத் திருப்பி அனுப்பிய குடும்பம் அது.

எங்கள் வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். என் அப்பாவுக்கு ஐ.டி. வேலை கிடைத்து நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்திலேயே இருக்கும் கத்தோலிக்கர்கள். ஹைதராபாத் உருது கலந்த அவள் தமிழில் 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் எதற்கு. முதல் ஒரு மாதம் அவள் என்னைத் திட்டுகிறாளா கொஞ்சுகிறாளா என்றே எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது, அவள் இரண்டும் செய்ய மாட்டாள். கேள்வி மட்டும்தான் கேட்பாள்.

அந்த வருஷம் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் ஷீலா மிஸ் ஏதோ ட்ரெயினிங்குக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் புதுத் திட்டம். இனிமேல் மாணவர்கள் எழுதும் கட்டுரையை மாணவர்களே திருத்த வேண்டும். யார் நோட்டு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார். கூடவே ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாள். ஆரம்பம் நன்றாக இருக்கிறதா, வீண் வரிகள் உண்டா என்று ஐந்தாறு கேள்விகள். அடியில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் கையெழுத்து இல்லாத கட்டுரையை மிஸ் கையால் தொடமாட்டார்.

நாங்கள் நாற்பது பேரும் இதைக் கையாண்ட விதம் ரொம்ப எளிமை. எல்லாக் கேள்விக்கும் 'வெரி குட்', கடைசியில் 'ஹேண்ட்ரைட்டிங் அழகு', கையெழுத்து. பதிலுக்கு இன்டர்வெல்லில் ஒரு சமோசா. மொத்த வேலையும் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும்.

க்யூசிக்கு அந்தக் கோட்டைப் பார்த்ததும் ரத்தம் கொதித்துவிட்டது. சரிபார்த்தவர் என்று போட்டிருக்கிறதே! பார்க்காமல் எப்படிப் போடுவது?

முதல் சீட்டில் அவளுக்கு வந்தது ரம்யாவின் 'எங்கள் வீடு'. எங்கள் வீட்டு பால்கனியில் நின்றால் ஹுசேன்சாகர் ஏரி தெரியும், மாலையில் அதன் அலைகள் பொன்னாக மின்னும் என்று ரம்யா உருகி எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்த கையோடு க்யூசி சைக்கிளில் போய் ரம்யா வீட்டு மணியை அடித்திருக்கிறாள். கதவைத் திறந்த ரம்யாவின் அம்மாவிடம் "ஆன்ட்டி, பால்கனி எங்க?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு நேரே உள்ளே போய்விட்டாள். திங்கட்கிழமை ரம்யாவின் நோட்டு திரும்பி வந்தபோது அதன் முதுகில் நூல் போட்டு ஒரு மஞ்சள் அட்டை கட்டித் தொங்கியது. உள்ளே பச்சை மையில் குறிப்பு: 'பால்கனியில் இருந்து பக்கத்து அபார்ட்மென்ட் சுவர் தெரிகிறது. சுவரில் ஒரு ஜட்டி காய்கிறது. ஏரி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் இடது பாதி மட்டும் தெரியும். அலை இல்லை. திருத்தவும்.'

தொட்டி மேல் ஏறியிருக்கிறாள், கவனியுங்கள்! ஃபிராக் போட்டுக்கொண்டு, ஐந்து மாடிக் கட்டிடத்தில்! ரம்யாவின் அம்மா கீழே நின்றுகொண்டு தெலுங்கில் போட்ட கூச்சலில் அபார்ட்மென்டே கூடிவிட்டதாம்.

அட்டைகளை அவளே தயாரித்தாள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஒரு பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் அடித்து, மூலையில் ஓட்டை போட்டு, நூல் கோத்து. பிற்பாடு என்னுடைய கட்டுரை ஒன்றைத் தள்ளுபடி செய்த சிவப்பு அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று இருந்தது. வயிறு எரியுமா எரியாதா?

அப்புறம்தான் அந்தத் துக்க சமாசாரம்.

தலைப்பு, 'என் வாழ்வின் மிகச் சோகமான நாள்'. இந்தத் தலைப்பைக் கொடுத்தால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொந்தக்காரர்கள் கொத்துக் கொத்தாகச் சாவார்கள். எங்கள் வகுப்பிலேயே அன்றைக்குப் பதினொரு சாவு. கிரண் என்று ஒரு பையன், மல்காஜ்கிரியில் இருந்த தன் தாய்மாமனைக் கொன்றிருந்தான். மாமா பட்டம் விடக் கற்றுக்கொடுத்தது, மாமா கையால் ஊட்டிவிட்ட பெசரட்டு, மாமாவின் கடைசி மூச்சு, எல்லாம் இரண்டரைப் பக்கம். படித்தால் கல்லும் கரையும்.

க்யூசி கரையவில்லை. ஆனால் பாவம், உண்மையாகவே வருத்தப்பட்டாள். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பாக்கெட் பன் வாங்கிக்கொண்டு, கோயிலுக்குப் போடும் கறுப்புக் கவுனைப் போட்டுக்கொண்டு, மல்காஜ்கிரியில் வீடு தேடிப் போனாள். வாயெல்லாம் பேஸ்ட் நுரையோடு, லுங்கி கட்டிய ஒரு மனிதர் கதவைத் திறந்தார்.

"கிரணோட மாமா வீடு இதுதானா அங்கிள்?"

"ஆமா, நான்தான் மாமா. என்னம்மா?"

"வேற மாமா இருக்காரா?"

"இல்லையே. ஒரே மாமாதான்."

க்யூசி பன் பாக்கெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க செத்துட்டீங்கன்னு எழுதியிருக்கு அங்கிள், அதான் பாக்க வந்தேன்" என்று நோட்டைக் காட்டியிருக்கிறாள்.

என்ன சொல்ல! அந்த மனுஷன் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் கட்டுரை நிஜமாகியிருக்கும். நல்லவேளை, ஆயுசு கெட்டி. மறுநாள் கிரணின் நோட்டில் சிவப்பு அட்டை. 'மாமா உயிரோடு இருக்கிறார். சர்க்கரை மட்டும் உண்டு. எனக்கு டீ கொடுத்தார்.' அதோடு போயிற்றா? அன்று மத்தியானம் மாமாவே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். கிரண் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். மாமா ஷீலா மிஸ்ஸிடம் நோட்டைக் கேட்டு வாங்கி, வராந்தாவில் நின்றுகொண்டே தன் சாவை முழுவதும் படித்தார். படித்துவிட்டு விம்மி விம்மி அழுதார். "என் மேல இவ்வளவு பிரியமாடா உனக்கு? உயிரோட இருக்கும்போது ஒரு ஃபோன் பண்ணியிருக்கியாடா?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, ஒரு ஜெராக்ஸ் காப்பி எடுத்துக்கொண்டு போனார். பிறகு அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பதாகக் கேள்வி.

இவ்வளவு நடந்தும் ஷீலா மிஸ் க்யூசியைக் கண்டிக்கவில்லை. தன் தலையில் விடிந்தபோதுதான் விழித்துக்கொண்டார். மாதிரிக் கட்டுரை என்று அவரே ஒன்று எழுதி எங்களிடம் கொடுத்தார். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து என் பூச்செடிகளுக்கு நானே தண்ணீர் ஊற்றுகிறேன் என்று ஆரம்பம். அடுத்த நாள் ஸ்டாஃப் ரூம் மேஜையில், நாலு டீச்சர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கட்டுரை மஞ்சள் அட்டையோடு கிடந்தது. 'செடிகள் பிளாஸ்டிக். தண்ணீர் அவசியமில்லை. துடைத்தால் போதும்.'

டீச்சர் வீட்டுக்கே போயிருக்கிறாள்! காலை ஐந்து மணிக்கு! கேட்டின் மேல் ஏறி! எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. க்யூசியை ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குக் கூட்டிப் போனார்கள். டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று வகுப்பே எதிர்பார்த்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கடைசி வரைக்கும் ஷீலா மிஸ்ஸிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், "செடி பிளாஸ்டிக்கா?" என்று. தண்டனையாக க்யூசியிடம் ஒரு வாக்குறுதி எழுதி வாங்கிக்கொண்டார்கள். இனிமேல் கட்டுரை சம்பந்தமாக யார் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்க மாட்டேன். கீழே கையெழுத்து. அவள் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். நாங்கள் நிம்மதியாக மூச்சுவிட்டோம்.

இனி என் கதை.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் அப்பா சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அதற்கு முன்னால் அப்படியில்லை. டிவியில் செய்தி வாசித்தால்கூட எதையாவது சொல்லிச் சிரிப்பவர். திடீரென்று வாய் பூட்டிக்கொண்டது. காலையில் ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போவார். சாயங்காலம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நான் பக்கத்தில் போனால் அம்மா கண்ணைக் காட்டுவாள். "எட்டி, அப்பாவ நச்சரிக்காத. ஆபீஸ்ல என்ன டென்சனோ என்னமோ."

அந்தச் சமயத்தில் ஷீலா மிஸ் 'என் தந்தை' என்று தலைப்பு கொடுத்தார். ஆண்டு விழாவில் மூன்று கட்டுரைகளை மேடையில் வாசிக்கவேண்டும், பெற்றோர் வந்து கேட்பார்கள் என்று அறிவித்தார். எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது. மேடையில் நின்று, மைக்கில், எல்லோர் முன்னாலும் அப்பாவைப் பற்றி நான் வாசிப்பேன். அவர் சிரிப்பார். சிரித்தே ஆகவேண்டும். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும், பரிசெல்லாம் யாருக்கு வேண்டும்!

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். எழுதியது இங்கிலீஷில், சாரத்தைத் தமிழில் சொல்கிறேன். அப்பா தினமும் எட்டு ஐந்து எம்.எம்.டி.எஸ். லோக்கல் ட்ரெயினில் ஆபீசுக்குப் போகிறார். மழையானாலும் வெயிலானாலும் அதைத் தவறவிட்டதில்லை. ஆறாவது மாடியில் அவர் சீட். ஜன்னல் வழியாகப் பெரிய பெரிய பாறைகள் தெரியும். அமெரிக்காவில் உள்ள பாங்குகளின் கம்ப்யூட்டர் ரிப்பேரானால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டைத் திறப்பார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டார். எவ்வளவு கஷ்டம் இருந்தாலும் வீட்டில் சொல்லமாட்டார். வரும்போது எனக்கு வேர்க்கடலை வாங்கி வருவார். நான் என் அப்பாவைப் பற்றிப் பெருமைப்படுகிறேன், ஏனென்றால் அவர் இவ்வளவு பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறார்.

சீட்டுக் குலுக்கினார்கள். என் நோட்டு க்யூசிக்கு.

வகுப்பே என்னை இழவு வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. கிரண் வந்து, "ஒங்க அப்பா அவுட்" என்று கையை விரித்துவிட்டுப் போனான். அதுவரை க்யூசி கையால் பச்சை அட்டை வாங்கியவர் யாருமே கிடையாது. பச்சை இல்லாமல் கையெழுத்தில்லை, கையெழுத்தில்லாமல் மேடையில்லை. நான் அவளைத் தண்ணீர்க் குழாய் அருகில் மடக்கினேன்.

"க்யூசி, எங்க அப்பா ஆபீசுக்கெல்லாம் போயிராதடி. உன் கால்ல விழுதேன்."

"கைக்கு பா? பொய் எழுதியிருக்கியா?"

"ஒரு வரி பொய் கிடையாது! எல்லாம் நெசம்."

"நெசம்னா பயம் கைக்கு?"

"வீட்டுக்குள்ள போகமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேல்ல?"

"ஹவ். வீட்டுக்குள்ள போகமாட்டேன்" என்றாள். ட்ரெயின் யாருடைய வீடும் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து க்யூசி பள்ளிக்கூடம் வரவில்லை. இதன் அதிர்ச்சி உங்களுக்குப் புரியாது. அம்மைகூட விடுமுறையில் வந்து விடுமுறையிலேயே இறங்கிய பெண் அவள். நாலு வருஷமாக ஒரு நாள் லீவு கிடையாது. அந்த வருஷமும் முடித்தால் முழு வருகைக்கான மெடல். மறுநாள் லீவ் லெட்டரோடு வந்தாள். 'நேற்று நான் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன்.' கீழே அவள் அப்பா கையெழுத்து. ஷீலா மிஸ் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மடித்து வைத்துவிட்டார். பிளாஸ்டிக் செடிக்குப் பிறகு அவர் க்யூசியை எதுவும் கேட்பதில்லை.

க்யூசி என் மேஜைக்கு வந்து நோட்டை வைத்தாள். பச்சை அட்டை.

ரம்யா "அய்யோ!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். பின் பெஞ்சுக்காரர்கள் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார்கள். கிரண் அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பச்சைதானா என்று பார்த்தான். நான் நோட்டைத் திறந்தேன். திறந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாவி, பாதிக் கட்டுரையை வெட்டியிருந்தாள்! 'ட்ரெயினில் ஆபீசுக்குப் போகிறார்' என்பதில் ஆபீசைக் காணோம். ஆறாவது மாடி, பாறை, அமெரிக்க பாங்கு, அந்தப் பத்தியே காலி. நான் உயிரைக் கொடுத்து எழுதிய கடைசி வரியில் 'பெருமைப்படுகிறேன்' என்பதோடு முற்றுப்புள்ளி வைத்து, 'ஏனென்றால்' முதல் எல்லாவற்றையும் அடித்திருந்தாள்.

"ஆறாவது மாடியக் கைக்குடி வெட்டின?" கோபத்தில் எனக்கு அவள் பாஷையே வந்துவிட்டது.

"நீளமா இருக்கு பா."

"அந்த 'ஏனென்றால்' வரி? அதுதான் முக்கியமான வரி!"

"பெருமைப்படறேன்னு சொல்லிட்டேல்ல? அதுக்கு மேல கைக்கு? காரணம் எல்லாம் எக்ஸ்ட்ரா."

"போயி பாத்தியா நீ? ஆபீசுக்குப் போனியா?"

"வெட்டின வரிக்கு செக்கிங் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மீதியிருந்த ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு டிக் இருந்தது. 'கஷ்டம் இருந்தாலும் வீட்டில் சொல்லமாட்டார்' என்ற வரிக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு டிக். அடியில், சரிபார்த்தவர் கோட்டில், அவளுடைய முழ நீளப் பெயர். அதை முழுசாக எழுத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஷீலா மிஸ்ஸுக்குக் கட்டுரை பிடித்துவிட்டது. சின்னதாக, சுத்தமாக இருக்கிறதாம். மேடை கிடைத்தது. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு மத்தியானம் லீவு போட்டுட்டு வாங்களேன்" என்று அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள். அப்பா கொஞ்சநேரம் தரையைப் பார்த்துவிட்டு, "மேனேஜர்ட்ட கேட்டுப் பாக்கேன்" என்றார். லீவு கிடைத்துவிட்டதாக அடுத்த நாள் சொன்னார். நான் குதித்தேன்.

ஆண்டு விழாவன்று அப்பா மூன்றாவது வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வாசித்தேன். என் அப்பா எட்டு ஐந்து ட்ரெயினில் போகிறார். ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஒரு மணிக்கு அம்மாவின் சாப்பாட்டைத் திறக்கிறார். ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லை. கஷ்டத்தை வீட்டில் சொல்லமாட்டார். எனக்கு வேர்க்கடலை வாங்கி வருகிறார். நான் என் அப்பாவைப் பற்றிப் பெருமைப்படுகிறேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கை தட்டினார்கள். நான் அப்பாவின் முகத்தைத் தேடினேன். சிரிக்கவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

விழா முடிந்து வெளியே வரும்போது க்யூசி எதிரே வந்தாள். "குட் ஈவினிங் அங்கிள்" என்றாள். அப்பா ஷாக் அடித்தவர்போல நின்றுவிட்டார்.

"நீயாம்மா! நீ... இவ கூடவா படிக்கே?"

"ஹவ் அங்கிள். சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை நின்று, பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் இங்க வாங்க" என்றார். "எனக்கு வேலை போயி நாலு மாசமாச்சு."

அம்மா கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. "என்ன சொல்லுதீங்க? தினமும் போறீங்களே?"

"போறேன். ட்ரெயின்ல. லிங்கம்பள்ளி வரைக்கும் போயி, திரும்ப செகந்திராபாத் வந்து, திரும்பப் போயி... சீசன் டிக்கெட் இருக்குல்லா. வேலைக்கு எழுதிப் போட்டுக்கிட்டேதான் இருக்கேன். எப்படிச் சொல்லன்னு தெரியல."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு மாதமாக ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு என் அப்பா ட்ரெயினில் போய்ப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார். ஆறாவது மாடி ஆறாவது மாடி என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பாவே மறுபடி ஆரம்பித்தார்.

"அந்தப் புள்ள இருக்காளே, ஒருநாள் எட்டு அஞ்சுல என் கழுத்து கார்டுல இருந்த பேரப் படிச்சிட்டு எனக்கு எதிர்த்த சீட்ல வந்து உக்காந்தா. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு. ஹைடெக் சிட்டில எல்லாரும் இறங்கியாச்சு, அவ இறங்கல. லிங்கம்பள்ளில வண்டி நிக்கவும் ஓடிப்போயி ஒரு டிக்கெட் வாங்கிட்டு வந்து மறுபடி அதே சீட்ல உக்காந்தா. செகந்திராபாத்ல மறுபடி ஓடிப்போயி ஒரு டிக்கெட். இப்படியே நாலு தடவை. எனக்குப் பொறுக்கல. ஏம்மா, நீ ஸ்கூலுக்குப் போகலியான்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"நீங்க ஆபீஸ் போகலியா அங்கிள்னு கேக்கா!"

அம்மாவுக்கு அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடினாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அப்புறம் சிரித்தார் பாருங்கள், நாலு மாதச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வழிய, நாற்காலி ஆட, ஷூ காலைத் தரையில் தட்டித் தட்டி. "அது மட்டுமா? பையில இருந்து நோட்ட எடுத்து வச்சிக்கிட்டு என்னய விசாரணை பண்ணுதா. ஒரு மணிக்குத்தான் சாப்பிடுவீங்களா? ஃபுல்லா சாப்பிடுவீங்களா? வேர்க்கடலை எந்தக் கடைல? எல்லாத்துக்கும் டிக்கு! சோத்துல பாதியக் குடுத்தேன், நக்கோ அங்கிள், நீங்க முழுசா சாப்பிடணும், பருக்கை பாக்கணும்னு சொல்லிட்டா. எதுக்குப் பாக்கணும்னு அப்ப எனக்கு விளங்கல. பைத்தியக்காரப் புள்ளன்னு நினைச்சிக்கிட்டேன். கடைசில, எங்க வீட்டுல யாரையும் தெரியும்னா சொல்லிராதம்மான்னு கேட்டுக்கிட்டேன். 'அது என் லிஸ்ட்ல இல்ல அங்கிள்'னுட்டா."

நான் உள்ளே போய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அடித்தது எது, விட்டது எது என்று வரி வரியாகப் பார்த்தேன். விட்டிருந்த அத்தனையும் நிஜம். ஒரு வரிகூடப் பொய் இல்லை. க்யூசி யாருக்காகவும் பொய்யில் கையெழுத்துப் போடவில்லை. என் அப்பாவை யாரிடமும் காட்டியும் கொடுக்கவில்லை.

மறுநாள் அவளிடம் சண்டைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? "தெரிஞ்சிருந்தும் ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"கட்டுரைய பாருன்னு குடுத்த. பாத்தேன். அதுக்கு மேல ஒங்க அப்பாதான் சொல்லணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லிட்டாரா?" என்றாள்.

"சொல்லிட்டாரு."

"அழுதாரா?"

"மொதல்ல. அப்புறம் சிரிச்சாரு. உன்னய நெனச்சு."

"ஹவ்?" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெடல் அந்த வருஷம் வேறு யாருக்கோ போயிற்று. ஒரு நாள் லீவு, என் அப்பாவின் எதிர் சீட்டில் போன ஒரு நாள்.

அப்பாவுக்கு இன்னும் மூன்று மாதம் கழித்து வேலை கிடைத்தது. சின்னக் கம்பெனி, தரைத் தளம், ஜன்னலே கிடையாது. பிளஸ் டூவுக்கு நாங்கள் சென்னை வந்துவிட்டோம். க்யூசி எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எங்கேயோ யாருடைய மொட்டைமாடித் தொட்டி மேலோ நின்றுகொண்டிருப்பாள். வாரா வாரம் பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுதி அனுப்புவதற்கு முன்னால், அவள் எட்டு ஐந்து ட்ரெயினைப் பிடித்து வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன். பாதி வெட்டுப்பட்டுப் போய்விடும்.

க்யூசி, நீ எங்கிருந்தாவது இதைப் படித்தால், கிரணின் மாமா பேஸ்ட் நுரையோடு வந்தார் என்பது நானாகச் சேர்த்தது, வெட்டிக்கொள். பதினொரு சாவு என்பதும் ஒன்பதாக இருக்கலாம். மற்றதெல்லாம் நிஜம். உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று எழுதி, ஏனென்றால் என்று ஆரம்பித்து ஒரு முழுப் பத்தி எழுதினேன். அதை அடித்துவிட்டேன். உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.